வெயிலில் காட்டவேண்டிய கல்

எலாதியோவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. கள்ளித் தோட்டம் வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். என் அக்கா ஒதிலியாவும் கணவனை இழந்தவள்தான். அவளைப் பார்க்க மனுஷனுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து, இருட்டிய பிறகுதான் எங்கள் கல் பட்டறைப் பக்கம் வருவார். கள்ளிப் பழத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்.

போன மாதம் அக்காவுக்குத் தெரியாமல் என்னிடம் ஓர் இதயம் செய்யச் சொன்னார். எரிமலைக் கண்ணாடி என்கிற கறுப்புக் கல்லில் வானவில் ஓடுமே, அந்த ரகத்தில். வெட்டு கொஞ்சம் கோணினாலும் நிறம் செத்துப்போய் வெறும் கரிக்கட்டிதான் மிஞ்சும். பார்த்துப் பார்த்து அறுத்து, தேய்த்துக் கொடுத்தேன். வெயிலில் திருப்பினால் பச்சையும் ஊதாவும் வளையம் வளையமாக எழும்பும். "பகல்ல குடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

மனுஷன் கேட்டால்தானே! மறுநாள் இருட்டியதும் வந்தார். மங்கிய விளக்கடியில் கல்லை அக்கா கையில் வைத்து, "என்னைக் கட்டிக்கிறியா, ஒதிலியா?" என்றார். கல் கன்னங்கரேலென்று கிடந்தது. அக்கா அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது வானவில் கல்லுக்கா! வெளிச்சம் இல்லாததால..."

"ஏண்டி, சின்ன வயசுலேருந்து கல்லு தேய்க்கிறவ நான். எனக்கே பாடம் நடத்துறியா?" அவள் கண் கலங்கியிருந்தது. "கல்லு நல்ல கல்லுதான். என்னைக் கேக்க அவருக்கு இருட்டுதான் கெடைச்சுதா? நான் என்ன திருட்டுச் சாமானா? ஊர் பாக்கக் கேக்கச் சொல்லு. இல்லேன்னா வேணாம்."

அப்படியே போய்ச் சொன்னேன். எலாதியோவின் முகம் வெளிறியது.

"சந்தையில சிரிப்பாங்களே, சிரிலா."

"சிரிச்சுட்டுப் போகட்டும்! அவ வேணுமா, வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தியோத்திவாக்கான் பிரமிடு பார்க்க வந்த கூட்டம் வேறு. எலாதியோ வெள்ளைச் சட்டையில், வியர்த்து வழிய, சந்தையில் எங்கள் கல் கடை முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் சோள மாவில் அவித்த தமாலி விற்கும் பிலோமேனா சும்மா இருப்பாளா?

"என்ன மாப்பிள்ளைக் கோலம்? பூசைக்கா, கல்யாணத்துக்கா?"

சந்தையே சிரித்தது. இதோ ஓடப்போகிறார் என்று நினைத்தேன்.

"கல்யாணத்துக்குத்தான், இவ மட்டும் சரின்னு சொன்னா" என்றார் சத்தமாக. கல்லை உயர்த்திப் பிடித்தார். கை நடுங்கிய நடுக்கத்தில் நிறம் வருவதும் போவதுமாக இருந்தது.

"ஆட்டாதய்யா, ஒண்ணும் தெரியல" என்று அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

பிடித்தவள் விடவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம்வரை கடை வியாபாரம் முழுவதையும் நான் ஒருத்திதான் பார்த்தேன்.