பூமிகா இழுத்த மூச்சு

திரையில் இருந்த பெண் வாயைத் திறப்பதற்கு முன் தோளைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்தாள். பூவிழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகியவர்கள்தான் அப்படி இழுப்பார்கள். குத்தாலத்துப் பக்கம் தேரடியிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் நாடகம் போட்டுத் திரிந்தவள் பூவிழி. அவளுக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

தஞ்சாவூரில் செருப்புக்கடை மாடியில் இருந்த ஒலிப்பதிவு அறை அது. திரையில் இருக்கும் நடிகை பூமிகாவுக்கு அவள் குரல் கொடுக்க வேண்டும். கதாநாயகிக்குப் பேசுவது இதுதான் முதல் தடவை. சரியாக அமைந்தால் அடுத்தடுத்துக் கூப்பிடுவார்கள். சொதப்பினால் பழையபடி பல்பொடி விளம்பரம்தான்.

படப்பிடிப்பில் பதிவான பூமிகாவின் குரல் ஹெட்போனில் ஓடியது. வாய்க்காலை அடைத்துவிட்ட அண்ணனோடு சண்டை போடும் காட்சி. "தண்ணி நமக்கு மட்டுமா வருது? கீழ இருக்குறவங்க என்ன பண்ணுவாங்க?" குரல் லேசாகக் கரகரத்தாலும் கோபம் நிஜமாக இருந்தது.

"நல்லாத்தானே சார் பேசியிருக்காங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர் தமிழ்மாறன், "மேடைக் குரல்மா அது. படத்துக்கு ஒத்துவராது," என்றார்.

இதையேதான் போன வருஷம் பூவிழி நடித்த படத்தின் இயக்குநரும் அவளிடம் சொன்னார். மனுஷர் அதையும் படம் வெளியான பிறகுதான் சொன்னார். கும்பகோணம் தியேட்டரில் அம்மா அம்சத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆசையாகப் பார்த்தாள். திரையில் அவள் வாய் அசைந்தது, வேறு யாரோ பேசினார்கள். "மொகம் ஒம் மொகந்தான். பேசுறது யாருடி?" என்றாள் அம்சம். பூவிழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் பிடிவாதமாக மைக்குக்கு ஏற்றபடி பேசக் கற்றுக்கொண்டாள். ஆனால் அம்மாவின் கேள்வி மட்டும் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. யார் அந்தப் பெண்? என் முகத்தைப் பார்த்துப் பேசும்போது என்ன நினைத்திருப்பாள்?

இப்போது அந்தப் பெண்ணின் இடத்தில் இவளே நிற்கிறாள்.

பேசினாள். உதடு பிசகாமல் சேர்ந்தது. "சூப்பர், ஓகே," என்றார் தமிழ்மாறன். அத்தோடு ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பூவிழி மறுபடி போட்டுக் காட்டச் சொன்னாள். திரையில் தோள் ஏறி இறங்குகிறது, ஒரு சத்தமும் இல்லை. பிறகு கோபம் மட்டும் எங்கிருந்தோ வருகிறது.

"சார், அவங்க இழுக்குற மூச்சை மட்டும் அப்படியே விட்டுடுங்களேன். அதுக்கப்புறம் நான் பேசுறேன்."

"டப்பிங் பேச வந்தீங்களா, டைரக்‌ஷன் பண்ண வந்தீங்களா?" தமிழ்மாறனின் குரல் மாறிவிட்டது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தாள். ஆனாலும் விடவில்லை. "அவங்க அம்மாவும் படம் பாக்க வருவாங்கல்ல, சார்?"

ஒலிப்பதிவு செய்யும் பர்வின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் பூமிகாவின் மூச்சையும் பூவிழியின் பேச்சையும் ஒட்டி ஓடவிட்டாள்.

வரப்பில் நின்ற பூமிகா தோளைத் தூக்கினாள். நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. அதோடு வாய்க்கால் தண்ணீரின் சலசலப்பும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த மூச்சு முடிந்த இடத்தில் பூவிழியின் குரல் தொடங்கியது.

தமிழ்மாறன் முன்னால் குனிந்து, "இன்னொரு தடவை போடு," என்றார்.

பூமிகா மறுபடி தோளைத் தூக்கினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பூவிழியின் தோளும் கூடவே உயர்ந்தது.