மூன்று பெயர்கள்

தேவானந்தத்தின் வாயில் பெயர்கள் மிச்சமிருந்தன. வினைச்சொற்கள்தான் ஒன்றுகூட இல்லை.

"பாப்பா… பஸ்… யூனிஸ்…" என்றான். முகம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

யூனிஸ் ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளோடு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போன கணவன் அங்கேயே சுருண்டு விழுந்திருக்கிறான். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு, அதனால்தான் பேச்சு வரவில்லை என்றார் டாக்டர். அவனைத் தூக்கிவந்து, சட்டைப் பையிலிருந்த நம்பரைப் பார்த்து அவள் கல்லூரிக்கு போன் போட்டவர் சந்தைக் கடைக்காரர் குப்பன்.

"இவர ஆட்டோல ஏத்தசொல்ல கொயந்த பக்கத்துலதான் நின்னுகினு இருந்துச்சு மேடம். திரும்பிப் பாத்தா காணோம். சந்த பூரா ஆள வுட்டுத் தேடியாச்சு" என்றார் அவர்.

ஏழு வயதுக் குழந்தை. போலீஸ் வருமாம். வந்து கிழிக்கும்!

தாம்பரம் கல்லூரியில் மொழியியல் நடத்துகிறவள் அவள். வாக்கியம் பந்தி என்றால் இலை போடுவது வினை என்று வகுப்பில் சொல்வாள். 'தூங்கு' ஒரே இலை போடும், தூங்குகிறவருக்கு. 'கொடு' கொடுக்கிறவருக்கு, பொருளுக்கு, வாங்குகிறவருக்கு என்று மூன்று போடும், யார் எதில் உட்காருவது என்றும் அதுவே சொல்லும். வினை வராவிட்டால் பெயர்கள் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான். இப்போது மூன்று பெயர்கள் நிற்கின்றன.

வினையை நாமே கொடுத்துப் பார்த்தால்?

"என்னங்க, நான் கேக்கறேன், தலைய மட்டும் ஆட்டுங்க. பாப்பாவ பஸ்ல விட்டுட்டீங்களா?"

இல்லை என்று தலையசைத்தான்.

"யார்கிட்டயாவது கொடுத்தீங்களா? யார்கூடவாவது அனுப்பினீங்களா?"

இல்லை.

"யாராவது… தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

இல்லை, இல்லை. இடது கையால் கட்டிலைக் குத்தினான். "யூனிஸ்! யூனிஸ்!"

"இங்கதாங்க இருக்கேன்!" என்று கத்தினாள். படித்த படிப்பைத் தூக்கிக் குப்பையில் போடவேண்டும் போலிருந்தது. விட்டது, கொடுத்தது, அனுப்பியது, தூக்கியது. எல்லாவற்றிலும் மகளை யாரோ ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். செய்கிறவர் இலையில் அவளை ஒருமுறைகூட உட்காரவைக்கவில்லையே என்று யூனிஸுக்குச் சுருக்கென்றது.

"பாப்பா தானாவே பஸ் ஏறினாளா?"

கட்டிலைக் குத்திய கை நின்றது.

"ஏறி… என்கிட்ட வந்தாளா?"

தேவானந்தம் ஓவென்று அழுதான். அழுகையோடு ஆமாம் ஆமாம் என்று தலை ஆடியது.

ஆட்டோ தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் யூனிஸ் செத்துச் செத்துப் பிழைத்தாள். கல்லூரி கேட்டில் வாட்ச்மேனின் ஸ்டூலில், ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள் மகள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"அப்பா கீழ விழுந்துட்டாரும்மா. உன்னக் கூப்பிட வந்தேன். அப்பாகிட்ட சொல்லிட்டுதான் வந்தேன்" என்றாள். "நீ எங்கம்மா போன?"