வைட்டமின் வீட்டில் இல்லாத பருப்பு

ஹேசல்நட் பருப்பைப் பற்றி அவனிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவ்வளவுதான். பருப்பும் உலர்பழமும் விற்கிற கடையில் அவனுக்கு வேலை. "இதயத்துக்கு நல்லதுங்க. கெட்ட கொழுப்பைக் குறைக்கும். வைட்டமின் ஈ இருக்கு, நார்ச்சத்து இருக்கு. தோலோட சாப்பிடுங்க, அதுலயும் சத்து இருக்கு. ஆனா தினம் ஒரு கைப்பிடி போதும், மிஞ்சினா எடை ஏறிடும்" என்று மூச்சு விடாமல் பொழிந்து தள்ளுவான். வந்தவர் வாங்காமல் தப்ப முடியாது. கடையில் அவனுக்கு வைட்டமின் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த வைட்டமின் வீட்டில் மருந்துக்குக்கூட ஒரு ஹேசல்நட் கிடையாது. மகள் சிட்டு மூன்று வயதில் பக்கத்து வீட்டில் ஹேசல்நட் பிஸ்கட் தின்று, உதடு வீங்கி, மூச்சுத் திணறியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். ஊருக்கெல்லாம் அமுதம் என்று விற்கிற பருப்பு அன்றிலிருந்து வீட்டுக்கு விஷம். சாயங்காலம் கடையிலேயே சட்டை மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கிளம்புவான். அப்படியும் மனசு கேட்காது. வாசலுக்குச் சிட்டு ஓடி வந்தால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "இரு இரு, அப்பா குளிச்சிட்டு வந்துடறேன்" என்பான். குளித்து வருவதற்குள் அவளுக்கு ஓடி வந்த ஆசை ஆறிப்போயிருக்கும்.

இப்போது சிட்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமை குறைந்திருப்பதாகத் தெரிந்தது. "ஆஸ்பத்திரியில வச்சே கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பார்த்திடலாம்" என்றார் டாக்டரம்மா.

நர்ஸ் ஆப்பிள் கூழில் துளி ஹேசல்நட் பொடி கலந்து ஊட்டினார். காத்திருந்துவிட்டு இன்னும் கொஞ்சம். மறுபடி காத்திருந்துவிட்டு இன்னும் கொஞ்சம். மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தன் கழுத்தெல்லாம் அரித்தது.

"டெஸ்ட் உங்களுக்கா, அவளுக்கா? சொறியாம உட்காருங்க" என்றாள் மனைவி.

சிட்டு அவன் நெஞ்சில் சாய்ந்து படக்கதை பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் கன்னத்தில் செக்கச்செவேலென்று ஒரு வட்டம்.

"நர்ஸம்மா, வந்துடுச்சு, பாருங்க." அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

நர்ஸ் ஓடி வந்தார். நாக்கை நீட்டச் சொன்னார், மூச்சைக் கவனித்தார், கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவன் சட்டையைப் பார்த்தார்.

"வட்டத்துக்குள்ள நாலு புள்ளி இருக்கு பாருங்க சார். இது உங்க சட்டைப் பட்டன்."

மனைவிதான் முதலில் சிரித்தாள். அவன் சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தான்.

கடைசிக் கரண்டியும் உள்ளே போய், காத்திருப்பும் முடிந்தது. "ஒவ்வாமை போயிடுச்சு. ஆனா விட்டுடாதீங்க, வாரத்துல ரெண்டு மூணு தடவை குடுத்துட்டே இருங்க. உடம்புக்கும் ரொம்ப நல்லது" என்றார் டாக்டரம்மா. வைட்டமினுக்குத் தெரியாத பாடமா? ஆனாலும் முதல் தடவை கேட்பவன் போல, இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய நிம்மதியில் தலையைத் தலையை ஆட்டினான்.

"எப்படிடா இருந்துச்சு?" என்று மகளைக் கேட்டான்.

"நல்லாவே இல்லப்பா. மண்ணு மாதிரி இருக்கு."

ஊரையே பேசி வாங்க வைத்தவனுக்கு வீட்டில் வாய்த்த வாடிக்கையாளர் இப்படி.

மறுநாள் கடையிலிருந்து அவன் சட்டை மாற்றாமல்தான் வந்தான். ஆனால் சிட்டு ஓடி வந்ததும் பழக்கதோஷத்தில் கை இரண்டும் தானாக மேலே போயின. "இரு இரு" என்பதும் வாயில் வந்துவிட்டது. அவள் இருக்கவில்லை. இடுப்பைக் கட்டிக்கொண்டு, கடைச் சட்டையில் முகத்தை அழுத்தி, நன்றாக மோந்து பார்த்தாள்.

"உங்க வாசனை இதுதானாப்பா?"

"இன்னும் குளிக்கலைடா" என்றான் அவன், பிடியை விடாமல்.