கண்ணாடிக்கடைக்காரரின் தள்ளுபடி

பிப்ரவரி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையின் விளம்பரக் கம்பத்தில் ஒரு நீலநிறக் கார் பின்புறமாக மோதியது. ஓட்டியவர் அந்தக் கடையின் முதலாளி.

கம்பத்தின் உச்சியில் ஆளுயரத்துக்கு ஒரு தகர மூக்குக்கண்ணாடி இருந்தது. அது சற்று யோசித்துவிட்டுக் காரின் பின்கண்ணாடி மேல் இறங்கியது. டிக்கிக் கதவு உள்ளே போனது, பம்பர் வாயைப் பிளந்தது.

பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"அண்ணே, உள்ள போய் ஒரு டெஸ்ட் பண்ணிக்குங்க. உங்க கடையில இலவசம்தான?"

கண்ணாடிக்கடைக்காரர் தகர மூக்குக்கண்ணாடியை நசுங்கிய டிக்கிக்குள் திணித்தார். அவருக்குக் காரைவிட மைத்துனன் முகம்தான் முதலில் கண்முன் வந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் மனைவியின் தம்பி சாப்பிட வருவான். வருஷம் தவறாமல் எதிலாவது இடித்து, வருஷம் தவறாமல் இன்சூரன்ஸில் கிளெய்ம் போடுகிறவன். அவனுக்குச் சோற்றோடு சேர்த்து இவர் பரிமாறுவது ஒரே பேச்சு: "ஆறு வருஷம், மாப்ள. ஒரு கிளெய்ம் கிடையாது. பிரீமியத்துல பாதி தள்ளுபடி. நிதானம்னு ஒண்ணு வேணும்." அவனும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அந்தக் குனிந்த தலைதான் இவருக்கு வாரம் முழுக்கத் தெம்பு.

காரை மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டு, இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

"என் நண்பர் ஒருத்தர் வண்டியை இடிச்சுட்டார். கிளெய்ம் போட்டா என்ன ஆகும்?"

"அடுத்த வருஷம் தள்ளுபடி சுத்தமா போயிடும் சார். மறுபடி அடியிலேருந்து ஏறி வரணும்."

"போடலேன்னா?"

"தள்ளுபடி அப்படியே நிக்கும். ஆனா ரிப்பேர் செலவை அவரே கொடுக்கணும். சின்னக் கீறல்னா கையிலேருந்து கொடுத்துடலாம். எவ்வளவு ஆகுமாம்?"

சொன்னார்.

"தள்ளுபடியைப் போல நாலு மடங்கு சார்! கண்ணை மூடிக்கிட்டுக் கிளெய்ம் போடச் சொல்லுங்க. அதையும் உடனே சொல்லணும், இழுத்தடிச்சா கம்பெனிக்காரங்க கேள்வி கேப்பாங்க."

"மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அதுக்குப் பாலிசி இல்ல சார்."

கடைக்கு ஏசி வாங்க வைத்திருந்த பணத்தை எடுப்பது என்று முடிவு செய்தார். திங்கட்கிழமை வேலையைத் தொடங்குவதாக மெக்கானிக் சொன்னார். வீட்டில் மனைவி கேட்டபோது, "சர்வீஸுக்கு விட்டிருக்கேன்" என்றார். அதில் பொய் இல்லை என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு வந்தது, மைத்துனனும் வந்தான். இலையில் உட்கார்ந்தவன் தலையைக் குனியவில்லை.

"அத்தான், நேத்து ஆயில் மாத்த மெக்கானிக்கிட்ட போயிருந்தேன். அங்க ஒரு நீலக் கார். டிக்கிக்குள்ள இவ்ளோ பெரிய மூக்குக்கண்ணாடி படுத்திருக்கு!"

"உலகத்துல நீலக் கார் ஒண்ணுதானா?"

"நீலக் கார் நிறைய இருக்கு. அந்த மூக்குக்கண்ணாடி ஒண்ணுதான்."

கரண்டியோடு வந்த மனைவி நின்றாள். மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். இரண்டு கேள்விகள்தான் கேட்டாள். ரிப்பேர் எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு.

"ஏசிப் பணத்தைக் கொட்டி அந்தத் துண்டுத் தள்ளுபடியைக் காப்பாத்தப் போறீங்களா? நாளைக்கே கிளெய்ம் போடறோம்."

"ஆறு வருஷம்மா! என்னோட ஆறு வருஷம்!"

"உங்களோடதா? லோன் யார் பேர்ல எடுத்தோம்? வண்டி யார் பேர்ல இருக்கு? பாலிசி யார் பேர்ல?"

கண்ணாடிக்கடைக்காரர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் சம்பளத்தைக் காட்டித்தான் லோன் கிடைத்தது. அதனால் எல்லாம் அவள் பெயரில். தள்ளுபடி ஓட்டுகிறவருக்கு இல்லை, பாலிசிக்காரருக்கு.

"அப்ப இத்தனை வருஷமா அத்தான் எனக்குப் பாடம் நடத்தினது அக்கா தள்ளுபடியை வச்சா?" என்றான் மைத்துனன்.

"நீ சாப்பிடுடா" என்றாள் அக்கா. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்து காரைப் பார்த்தார், பிறகு கடைக்கும் வந்து கம்பத்தைப் பார்த்தார். படம் எடுத்தார். கிளெய்ம் படிவத்தில், மோதிய பொருள் எது என்ற கேள்விக்கு நேரே, "ஓட்டியவரின் சொந்தக் கடைப் பலகை" என்று மனைவி தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டாள்.

கிளெய்ம் பணம் வந்தது. கடைக்கு ஏசி வந்தது. அடுத்த ஆண்டு பிரீமியம் தள்ளுபடியில்லாமல் முழுசாக வந்தது. மைத்துனன் அந்த ஆண்டு எதிலும் இடிக்கவில்லை. அவனுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி கிடைத்தது.