தலைமாட்டில் ஐஸ் கட்டி

மாமா ராஜரத்தினத்துக்குத் தன் அக்காள்மீது இத்தனை பாசம் இருக்கும் என்று ரோசம்மாளுக்கு அதுவரை தெரியாது. காலை எட்டு மணிக்கு மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கியவர், அத்தை ஜெயபாயையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரே போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம், கூடப்பிறந்த பாசம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரோசம்மாளும் அப்படித்தான் நம்பினாள்.

அது 1987 மே மாதம். ராஜபாளையம் வெயிலில் அந்த ஓட்டு வீடு வெந்துகொண்டிருந்தது. அம்மாவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு அடியில், தகரத் தட்டில் இரண்டு ஐஸ் கட்டிகள். தலைமாட்டில் வாடகை ஃபேன். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான்.

மாமாவின் பாசம் எங்கிருந்து ஊறுகிறது என்று பத்து மணிக்குத் தெரிந்தது. அவர் கைக்குட்டையை எடுத்தார். குனிந்தார். பிணத்துக்கு அடியில் தட்டில் தேங்கியிருந்த தண்ணீரில் அதை முக்கிப் பிழிந்து, கழுத்தைத் துடைத்து, முகத்தைத் துடைத்து, கண்ணை மூடி 'ஆண்டவரே' என்றார். அத்தை இரண்டு உள்ளங்கால்களையும் ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தக் கடைப் பால்கோவா நன்றாக இருக்கும் என்று பக்கத்திலிருந்தவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று ரோசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவள் கவலையெல்லாம் அண்ணன் தேவஇரக்கத்தைப் பற்றித்தான். பெங்களூரில் வேலை. இரண்டு வருஷமாக ஊர்ப்பக்கம் வராதவன். நேற்றுப் போனில் அழுதான். மூன்று மணிக்குள் வந்துவிடுவேன், அம்மா முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அதுவரை சவப்பெட்டியை மூடிவிடாதே என்று கெஞ்சினான். அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

முகூர்த்த மாசம். ராஜபாளையத்து ஐஸ் பூராவும் கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, விடியுமுன்னே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கையைக் காலைப் பிடித்து நாலு கட்டி வாங்கி டெம்போவில் கொண்டுவந்திருந்தார். இரண்டைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார்கள். மற்ற இரண்டையும் உமி போட்டுச் சாக்கில் சுற்றி அடுக்களையில் வைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மாற்ற வேண்டும், இனி அங்கேயும் ஒரு துண்டு கிடைக்காது என்று பேச்சிமுத்து சொல்லியிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு அவரும் ரோசம்மாளும் அடுக்களைக்குள் போனபோது சாக்கு தட்டையாகக் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் ஈர உமிதான் இருந்தது. அம்மிக் குழவியில் ஐஸ் உடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. தரை முழுக்கப் பிழிந்த எலுமிச்சைத் தோல், ஒரு காலி சர்பத் பாட்டில், ஈ மொய்த்த டம்ளர்கள். குளியலறை வாளியில் கடைசித் துண்டு மிதந்துகொண்டிருந்தது. மாமா அப்போதுதான் குளித்து முடித்து, பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்.

ரோசம்மாள் ஐஸைக் கேட்டாள்.

"எம்புட்டு வெயிலு ரோசா! பிள்ளைய வாடிப் போச்சுக. வந்த சனத்துக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தோம். நம்ம வீட்டுக்குத்தான பேரு?" என்றார் மாமா. அக்காளுக்கு இன்னொரு கட்டி வாங்கிக்கொள்ளலாமே என்றும் சொன்னார். மனுஷன் சொன்ன விதத்தைப் பார்த்தால் வெற்றிலை பாக்கு வாங்குவதைப்போல இருந்தது.

பேச்சிமுத்து மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடி, வெறுங்கையோடு திரும்பினார். இரண்டு மணிக்குள் தட்டில் தண்ணீர் மட்டும்தான் மிச்சம். அம்மாவின் முகம் உப்ப ஆரம்பித்தது. மூக்கோரம் ரோசம்மாள் துடைக்கத் துடைக்கக் கசிந்தது. ஊதுபத்தியையும் மீறி வாடை வந்ததும், மறுபடி ஃபேனடியில் வந்து உட்கார்ந்திருந்த மாமா குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. ஐஸ் தீர்ந்தது, பாசமும் தீர்ந்தது. இவர்கள் தன் ரத்தம் என்று நினைக்கவே ரோசம்மாளுக்கு அருவருப்பாக இருந்தது.

கடைசியில் அவளேதான் சொன்னாள், அம்மாவைப் பெட்டியில் வைத்து மூடி ஆணி அடித்துவிடுங்கள் என்று. இந்த முகத்தையா அண்ணன் ஆயுசு முழுக்க ஞாபகம் வைத்திருக்க வேண்டும்?

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தேவஇரக்கம் பையோடு ஓடிவந்தான். ஆணி அடித்த பெட்டியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே ஜெபப் பாட்டு ஆரம்பித்திருந்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் ஊர் திரும்பும் வழியில் குடிக்க அத்தை நிரப்பி வைத்திருந்த பிளாஸ்க்கைத் திறந்து, ஒரு டம்ளர் சர்பத் ஊற்றி அவனிடம் நீட்டினார். ஐஸ் துண்டுகள் டம்ளரில் கலகலத்தன.

"வெயில்ல வந்திருக்க, மருமவனே. செத்த குடி."

அவன் வாங்கி உதட்டருகே கொண்டுபோனான்.

"குடிக்காதண்ணே," என்றாள் ரோசம்மாள். "நீ வார வரைக்கும் அம்மா முகம் கெடாம இருக்கணும்னு வச்சிருந்த ஐஸுதான் அது. அம்புட்டையும் இவிய குடிச்சுக் குளிச்சுத் தீத்துட்டாவ. அதான் பெட்டிய மூடிட்டேன்."

தேவஇரக்கம் டம்ளரையே பார்த்தான். பிறகு எழுந்து, மாமாவின் கையைப் பிடித்து அதில் டம்ளரை வைத்து, விரல்களை மடக்கிவிட்டான்.

"நீங்களே குடிங்க மாமா," என்றான்.

கூட்டம் முழுவதும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. குடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் மாமா நின்றார். பாட்டு முடிவதற்குள் டம்ளரிலிருந்த ஐஸ் கரைந்துவிட்டது.