கடலில் இல்லாத மீன்

காரைக்கால் கடற்கரையில் அல்லி மீன் ஏலம் விட்டால், கோட்டுச்சேரியிலிருந்து சைக்கிளில் வரும் வியாபாரிகள் வாய் திறக்க முடியாது. அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் புருஷன் மருதையனின் குடும்பம் ஓடியது. 1984 மாசியில் ஏலத்தின் நடுவே அவள் பேச்சு அறுந்தது. கை வெட்டி வெட்டி இழுத்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது பொட்டுக்கு உள்ளே நெல்லிக்காய் அளவு கட்டி. பேச்சு ஓடும் வழிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அவளை விழிக்கவைத்தே மண்டையைத் திறக்க வேண்டும் என்றார் டாக்டர் வைத்திலிங்கம்.

மருதையன் நம்பவில்லை. பேச்சைப் பிடுங்கிக்கொண்டு கட்டியை எடுத்தோம் என்பார்கள். பக்கத்தில் இருக்கவிட்டால்தான் கைநாட்டு வைப்பேன் என்று அடம்பிடித்தான். அவள் பேச்சு தடுமாறினால் கண்டுபிடிக்க வீட்டு ஆள் ஒருவர் இருப்பது நல்லது என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அவன் வாயை மட்டும் திறக்கக் கூடாது என்றார்.

பச்சை அங்கியும் முகத்துணியுமாக அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தான். தொங்கவிட்ட துணிக்கு அந்தப் பக்கம் மண்டை திறந்திருந்தது. ஒரு மிஷின் மூளையின் அலையைத் தாளில் கோடு கோடாய் இழுத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் படம் காட்டக் காட்ட, டாக்டர் மூளைமேல் ஒவ்வோர் இடமாக லேசான கரண்ட் வைத்தார். நாற்காலி என்றாள். குடை என்றாள். பூனைக்கு வாய் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் தவித்தது. கரண்டை எடுத்ததும் சொல் துள்ளி விழுந்தது. மருதையன் அப்போதுதான் நம்பினான். மெய்யாகவே அங்கேதான் பேச்சு ஓடுகிறது. டாக்டர் அந்த இடத்தில் எண் எழுதிய துண்டுக் காகிதம் வைத்தார். இனிக் கத்தி அங்கே போகாது.

அடுத்து, கட்டியின் மேலேயே கரண்ட். படத்தில் மீன். அல்லி பேசவில்லை. மறுபடி காட்டினார்கள். அப்போதும் பேசவில்லை. இங்கேயும் பேச்சு ஓடுகிறது, கட்டியில் பாதியை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் அங்கே வைக்க இன்னொரு எண் காகிதத்தைக் கையில் எடுத்தார். பாதியை விட்டால் இழுப்பு திரும்பும் என்று நேற்று அவரே சொல்லியிருந்தார்.

மருதையன் எட்டிப் படத்தைப் பார்த்தான். வஞ்சிரத்தின் உடம்பு, வவ்வால் மீனின் வால், குளத்துக் கெண்டையின் செதில்.

"ஐயா, அவ மேல குத்தம் இல்ல. இப்படி ஒரு மீன் கடல்லயே கெடையாது. எதுன்னு சொல்லுவா?"

"மீன்னு சொன்னாப் போதுமே."

"வெறும் மீனுன்னு நாங்க என்னைக்கய்யா சொன்னோம்? பேருதான் சொல்லுவோம்."

டாக்டர் கரண்ட் இல்லாமல் அதே படத்தைக் காட்டச் சொன்னார். அல்லி அப்போதும் முழித்தாள். அப்படியானால் வாயை அடைத்தது கரண்ட் இல்லை, படம்தான் என்று டாக்டர் காகிதத்தை வைக்காமல் நிறுத்தினார். மருதையன் நர்ஸின் பட அட்டையையும் பென்சிலையும் பிடுங்கி, பின்பக்கம் விறுவிறுவென்று ஒன்று வரைந்து நீட்டினான். கட்டியின் மேல் மறுபடி கரண்ட் ஏறியது.

"வவ்வாலு. ஏய்யா, செட்டை எங்க? பூனை தின்னுடுச்சா?"

இன்னும் இரண்டு வரைந்தான். சுறா, திருக்கை. கரண்டோடேயே இரண்டையும் சொன்னாள், இரண்டுக்கும் திட்டினாள். டாக்டர் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கட்டியை முழுசாக எடுத்தார்.

ஊருக்குக் கிளம்பும் நாளில், இனிக் கடற்கரையிலிருந்து வரும் நோயாளிகளுக்குக் காட்ட என்று டாக்டர் பத்து வெற்று அட்டைகளை நீட்டினார். மருதையன் வராந்தாவில் உட்கார்ந்து வரைந்தான். தலைக்கட்டோடு அல்லி பக்கத்தில் நின்று, ஒவ்வொரு மீனுக்கும் ஒரு குறை சொன்னாள்.