பம்பு செட்டிலிருந்து மூன்றாவது அம்பாரம்

"மூணு நாள் மழ, மொதலாளி. வானத்தக் கவுத்து ஊத்துன மழ. அதுல நம்ம உப்பு ஒரு கல்லு கரையல. நம்பலன்னா கல்லு கல்லா எண்ணிப் பாத்துக்குங்க!"

மரக்காணம் உப்பளத்து மேஸ்திரி தட்சணாமூர்த்தி கைப்பேசியில் கத்திய கத்தல் திண்டிவனம் தாண்டிக் கேட்டிருக்கும். மறுமுனையில் முதலாளி கலியமூர்த்தி சென்னையில் இருந்தார். கைப்பேசி இல்லாமலேயே அவருக்கும் கேட்டிருக்கும்.

"தட்சணா, நீ சொல்றதுல பாதியத்தான் நம்பணும். அதுலயும் பாதிய தள்ளிடணும். மழையில உப்பு கரையலியா? நெருப்புல பஞ்சு வேவலன்னு சொல்லேன். நாளைக்கு வர்றேன். என் கண்ணால பாத்தாத்தான்யா நம்புவேன்."

"வாங்க மொதலாளி, வந்து பாருங்க."

தட்சணாமூர்த்தியின் வாய் இரண்டு காதுகளையும் தொட்டுவிட்டுத் திரும்பியது. சும்மாவா? அது ஆவணி மாதத்துக் கடைசி அம்பாரம். 'இந்தக் குவியல் முழுசா லாரி ஏறுனா, தை மாசம் வந்து பாத்தி மிதிங்க. இல்லன்னா இந்தத் தொழிலே வேணாம், அளத்த எழுதிக் குடுத்துட்டுப் போறேன்' என்று முதலாளி ஆடியிலேயே சொல்லியிருந்தார். பதினோரு பேரின் அடுத்த வருடம் அந்தக் குவியலுக்குள் இருந்தது.

பாத்தி மிதிப்பதென்றால் லேசில்லை. களிமண் தரையை வெறுங்காலால் நாள்கணக்கில் மிதித்து, ஊசி நட்டால் ஊசி வளையும் அளவுக்கு இறுக்க வேண்டும். அப்போதுதான் உப்பு சேறு ஒட்டாமல் வெள்ளையாக விளையும். இதற்குத் தட்சணாமூர்த்தி வைத்த பெயர் 'பாத்திய செட்டு பண்றது'.

அவரிடம் இருந்த இங்கிலீஷ் மொத்தமும் அந்த ஒரு சொல்தான். அதை வைத்தே அறுபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டார். உப்புத்தண்ணீர் இறைப்பது பம்பு செட்டு. கூட வேலை செய்பவர்கள் நம்ம செட்டு. கூட வேலை பார்க்கும் பெரியவர் பாவாடையின் வாயில் இருப்பது பல்லு செட்டு. ஓட்டலில் செட்டு தோசை. பொங்கலுக்குப் பேரனுக்கு ஒரு செட்டு துணி. பெண் பார்த்துவிட்டுப் போனவன் போன் செய்யாவிட்டால் செட்டு ஆகல, செய்துவிட்டால் செட்டு ஆயிட்டுது. அமைவது, இறுகுவது, பொருந்துவது, கூடுவது என்று தமிழ் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக் கொடுத்ததை வெள்ளைக்காரன் ஒரே கூலியாளின் தலையில் கட்டிவிட்டான் என்று அந்தச் சொல்லின்மேல் அவருக்குப் பரிதாபமே உண்டு.

"நம்மள மாதிரிதான் அதுவும். எல்லா வேலையும் அது தலைலதான்" என்பார்.

"எல்லாத்துக்கும் ஒரே கூலிதானா மேஸ்திரி?" என்று அம்சவள்ளி கேட்பாள். உப்பு வாருவதில் அந்தக் கூட்டத்துக்கே முன்கை அவள்.

"கூலியா? அதுக்கு மட்டும் அர்த்தம் போடுற புஸ்தகத்துல பக்கம் பக்கமா எடம் குடுத்துருக்கானாம். ஆரோவில்ல வேல பாக்குற நம்ம ஊருப் பொண்ணு நிவேதா சொல்லுச்சு."

"குடுத்து வெச்சது. நமக்கு ஒரு வரி எழுத ஆள் இல்ல."

மழை பிடித்த நாள் காலையில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. சினிமாக் கம்பெனிக்காரர்கள் வேன் நிறைய பிளைவுட்டும் தெர்மோகோலும் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களில் தமிழரசன் என்ற பையன் வந்து, "அண்ணே, உப்புக் குவியல் ஒண்ணு செட்டு போடணும். ஹீரோ அதுமேல ஏறிச் சண்ட போடுவாரு" என்றான்.

"அடடே, இதுவும் செட்டா!" தட்சணாமூர்த்தி சந்தோஷத்தில் இரண்டு கூடை நிஜ உப்பையே தூக்கிக் கொடுத்தார், மேலே தூவிக்கொள்ள. "எங்க போடப்போற தம்பி?"

"கடைசிலண்ணே. உங்க குவியலுக்கு அந்தாண்ட."

காலை பத்து மணிக்கெல்லாம் உப்பு வாரி முடித்து எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் லாரி வருகிறது என்பதால் அம்பாரத்துக்குக் கீற்று வேயவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தட்சணாமூர்த்தி தார்ப்பாய் வாங்க டவுனுக்குப் போனார். அவர் திரும்பும்போது மணி நான்கு. மேற்கே வானம் எருமைக் கன்று போட்டதுபோல் கறுத்துக் கிடந்தது. முதல் துளி விழுந்ததுமே சினிமாக்காரர்கள் வேனில் ஏறிப் புதுச்சேரிக்குப் பறந்துவிட்டார்கள்.

அம்சவள்ளியும் பாவாடையும் மற்றவர்களும் வரப்பில் விழுந்து எழுந்து ஓடிவந்தார்கள். மழை என்றால் சாதாரண மழையா! நீட்டிய கை தெரியவில்லை. கையை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்களோ என்று பாவாடை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அளத்தில் எந்த அம்பாரத்துக்கும் பெயர்ப்பலகை கிடையாது. பம்பு செட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வருவதுதான் வழக்கம். முதல் இரண்டும் வேறு முதலாளியுடையவை, கீற்று வேய்ந்தவை. மூன்றாவது இவர்களுடையது. தட்சணாமூர்த்தி முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணியவர். அன்றைக்கும் எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு... மூணு! இதான், போடு! அந்த மூலையப் புடி அம்சவள்ளி! யோவ் பாவாட, பல்லப் புடிச்சது போதும், கயித்தப் புடிய்யா!"

ஏழு கயிறு, பதினான்கு முடிச்சு. யானையைக் கட்டியிருந்தால்கூட மூச்சு முட்டியிருக்கும். தார்ப்பாய்க்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்து நக்கிப் பார்த்தார் தட்சணாமூர்த்தி. உப்பு. நெஞ்சு குளிர்ந்தது.

பக்கத்தில் நான்காவது குவியல் நனைந்துகொண்டு நின்றது.

"பாவம் சினிமாக்காரன். மூட ஆளில்லாம அவன் செட்டு நனையுது" என்றாள் அம்சவள்ளி.

"நனையட்டும். அது என்னா உப்பா?"

அடுத்த மூன்று நாளும் தட்சணாமூர்த்தி குடையோடு வந்து காவல் நின்றார். கையை உள்ளே விட்டு விட்டு நக்கிப் பார்த்தார். நான்காவது குவியல் முதல் நாள் தோளிறங்கியது, இரண்டாம் நாள் இடுப்பொடிந்தது, மூன்றாம் நாள் பாலாக வழிந்து வாய்க்காலில் இறங்கியது. "தெர்மாகோலு இப்படியா கரையும்? மட்டமான சரக்கு போல" என்று பாவாடை சொல்ல, இருவரும் குடைக்குள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த கையோடுதான் தட்சணாமூர்த்தி சென்னைக்குப் போன் போட்டார்.

நான்காம் நாள் வெயில் அடித்தது. லாரி வருவதற்கு முன் சினிமா வேன் வந்தது. தமிழரசன் குதித்து இறங்கி, ஓடிவந்து தட்சணாமூர்த்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப தேங்க்ஸ்ணே! எங்க செட்டுக்குத் தார்ப்பா போட்டு காப்பாத்திட்டீங்களே. டைரக்டரு அழுதே புட்டாருண்ணே."

"எந்த செட்டு?"

"இதாண்ணே. கடைசில வெயிலு மூஞ்சில அடிக்குதுன்னு கேமராமேன் சொன்னாரு. அதான் மத்தியானமே ரெண்டாவதுக்கும் உங்களுதுக்கும் நடுவுல கொண்டாந்து போட்டோம்."

பாவாடை மண்வெட்டியை ஓங்கி ஒரு போடு போட்டார். சரக்கென்று இறங்க வேண்டியது டொக்கென்று நின்றது. உள்ளேயிருந்து வெள்ளை உருண்டைகள் பறந்து அம்சவள்ளியின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டன. அவள் தட்டிவிடவில்லை. நான்காவது இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கே முழங்கால் உயரத்துக்குச் சேறு படிந்த ஒரு மேடு கிடந்தது. அதைச் சுற்றி மூன்று நாளும் அவர்கள் சிரித்தபடி நின்ற கால் தடங்கள்.

"மேஸ்திரி, இப்ப இன்னா பண்றது?" என்றாள்.

தட்சணாமூர்த்தி வாயைத் திறந்தார். அவருடைய ஒரே இங்கிலீஷ் சொல் வந்து நாக்கில் நின்றது. அதற்கு அத்தனை வேலை தெரியும். இந்த வேலை மட்டும் அதற்குத் தெரியவில்லை. தமிழிலும் எதுவும் கிடைக்கவில்லை.

முதலாளியின் கார் வரப்போரம் வந்து நின்றது. கலியமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சேற்று மேட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்ற வெள்ளைக் குவியலைப் பார்த்தார். தமிழரசன் தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னான். தட்சணாமூர்த்தி தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கலியமூர்த்தி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் படவில்லை. அம்சவள்ளியிடம் மட்டும் திரும்பி, "தை மாசம் யாரும் வர வேணாம்மா. வேற எங்கியாச்சும் இப்பவே சொல்லி வெச்சிக்குங்க" என்றார்.

"எங்கங்க போயி சொல்றது?" என்றாள் அவள். கலியமூர்த்தி திரும்பி நடந்தார்.

காருக்குப் போகிற வழியில் வெள்ளைக் குவியலருகே நின்று, அதன் தோளில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக்.

"நீ சொன்னது நடந்துதான்யா இருக்கு, தட்சணா" என்றார். "மூணு நாள் மழையில ஒரு கல்லு கரையல."